அக்கார்டியனோடு ஒரு கேப்டன்: அயர்லாந்து அஞ்சல் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆன் போஸ்ட் நிறுவனத்தின் அஞ்சல்தலைக் குழுவினருக்கு,

வணக்கம்.

2010இல் ஷோபேண்ட் என்ற நடன அரங்கு இசைக்குழுக்களுக்காக நீங்கள் வெளியிட்ட அஞ்சல்தலைகள் நான்கும் என் ஆல்பத்தில் பத்திரமாக இருக்கின்றன. ராயல், மயாமி, டிரிஃப்டர்ஸ், ஃப்ரெஷ்மென் என்று குழுவுக்கு ஒன்று. தலா 55 சென்ட். லௌத் மாவட்டத்துக்குக் குடிவந்தவன் நான். எனக்கு முந்தைய அயர்லாந்து சனிக்கிழமை இரவுகளில் எப்படி ஆடியது என்பதை அந்த நான்கு சின்னத் தாள்கள்தான் எனக்கு முதலில் காட்டின. அதற்கு உங்களுக்கு நன்றி. கூடவே ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

லௌத்தின் கால்பந்துக் கேப்டனும் அக்கார்டியன் கலைஞருமான டெர்மட் ஓ'பிரையன் பிறந்து 2032 அக்டோபர் 23 அன்று நூறு ஆண்டு ஆகிறது. அன்றைக்கு அவர் அக்கார்டியனோடு ஓர் அஞ்சல்தலையில் வர வேண்டும். கேட்பது அவ்வளவுதான். நாள் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அஞ்சல்தலைத் திட்டங்கள் முன்கூட்டியே முடிவாகிவிடும் என்பதால்தான் இப்போதே எழுதுகிறேன். தமிழில் எழுதக் காரணம், என் மொழிக்காரர்களும் இந்த மனிதரைத் தெரிந்துகொள்ளட்டும் என்பது. ஆங்கிலப் பிரதி உங்களுக்குத் தனியே வரும்.

அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஷோபேண்ட் என்பது நம் ஊர் இன்னிசைக் குழு மாதிரி. வானொலியில் எது ஹிட்டோ அதை அந்த வார இறுதியில் மேடையில் வாசிப்பார்கள். கிதார், டிரம்ஸ், டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன், முன்னால் ஒரு பாடகர் என ஏழெட்டுப் பேர். அதற்கு முன்பிருந்த நடன இசைக்குழுக்கள் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இசைத்தாள் வைத்து வாசித்தவை. 1950களில் ஸ்ட்ரபேன் ஊரின் கிளிப்பர் கார்ல்டன் குழுவினர் தாளையும் நாற்காலியையும் விட்டுவிட்டு எழுந்து நின்று ஆடிக்கொண்டே வாசித்தார்கள். அப்புறம் நாடு முழுக்க நூற்றுக்கணக்கான குழுக்கள் கிளம்பின. வயலுக்கு நடுவே பெரிய பெரிய நடன அரங்குகள் எழுந்தன. ரூஸ்கியில் கிளவுட்லேண்ட், அதாய் (Athy) ஊரில் டிரீம்லேண்ட் என்று அண்ணனோடு சேர்ந்து அரங்கு கட்டி நடத்திய ஆல்பர்ட் ரெனால்ட்ஸ் பின்னாளில் இந்த நாட்டின் பிரதமரே ஆனார். அரங்கில் ஒரு பக்கம் ஆண்கள், எதிர்ப்பக்கம் பெண்கள். மது கிடையாது, சோடாவும் எலுமிச்சைப் பானமும்தான். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் நடனமே கிடையாது. அந்த நாட்களில் குழுக்கள் கடல் கடந்து இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய் அங்கே குடியேறியிருந்த அயர்லாந்துக்காரர்களுக்கு வாசித்துவிட்டு வந்தன.

உங்கள் நான்கு அஞ்சல்தலைகளும் இந்தக் கதையை அழகாகச் சொல்கின்றன. ஆனால் பாதிக் கதையைத்தான். அந்த நான்கிலும் கேட்பது பாப், ராக், அமெரிக்க கன்ட்ரி. மேடையில் அதோடு இன்னொரு ஓசையும் இருந்தது. அது பெருநகரத்திலிருந்து வராமல் அடுப்படியிலிருந்து வந்த ஓசை. அதுதான் அக்கார்டியன்.

அக்கார்டியன் நம் ஆர்மோனியத்துக்கு உறவு. இரண்டிலும் துருத்தி ஊதும் காற்றில் உலோக நாக்குகள் அதிர்கின்றன. ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்தியோடு போய்விடும். அக்கார்டியனில் பெட்டி நெஞ்சில் தொங்குகிறது, இடது கை துருத்தியை விரித்து மூடிக்கொண்டே கீழ்ச்சுருதிப் பொத்தான்களையும் அழுத்துகிறது. மின்சார ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், ஆடுகிறவர்களின் காலடிச் சத்தத்தை மீறிக் கேட்கிற குரல் அதற்கு இருந்தது. ஊர்க் கல்யாணத்துக்கும் நாற்சந்தியில் கூடி ஆடும் நடனத்துக்கும் அது ஒன்றே போதும். இந்தப் பெட்டியை மேடைக்கு நடுவில் வைத்து, ஷோபேண்டுகளின் போட்டி உச்சத்தில் இருந்த 1960களில் ஒரு குழுவையே நடத்திக் காட்டியவர் டெர்மட் ஓ'பிரையன். குழுவின் பெயர் க்ளப்மென். பழைய நாட்டுப்புற மெட்டும் புதிய நடன அரங்கும் ஒரே மூச்சில் சேர்ந்த இடம் அது. நான் கேட்கும் அஞ்சல்தலை இதற்காகத்தான்.

ஆனால் அவரைப் பற்றி லௌத்தில் யாரிடம் கேட்டாலும் முதலில் பாட்டைச் சொல்ல மாட்டார்கள், கால்பந்தைத்தான் சொல்வார்கள்.

ஆர்டி என்ற சிற்றூரில் 1932இல் பிறந்தவர். லௌத் மாவட்ட அணிக்காக 1952 முதல் 1960 வரை கேலிக் கால்பந்து ஆடினார். பந்தைக் காலாலும் கையாலும் ஆடும் அயர்லாந்தின் சொந்த ஆட்டம் அது. அயர்லாந்தின் 32 மாவட்டங்களில் மிகச் சிறியது லௌத். அந்தக் குட்டி மாவட்டம் 1957இல் அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரணி கார்க். பரப்பில் அதுதான் நாட்டிலேயே பெரிய மாவட்டம். லௌத்தின் கேப்டன் டெர்மட் ஓ'பிரையன். தோளில் காயம். அதற்குச் சிகிச்சை எடுக்கப் போனவர் மற்ற வீரர்களோடு சேர முடியாமல் குரோக் பார்க் மைதானத்துக்குத் தாமதமாக வந்தார். அவர் உள்ளே வந்தபோது அவருடைய அணி ஏற்கெனவே புல்தரையில் நின்றிருந்தது. எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட கூட்டம். ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கும்போது கெவின் பீஹன் பக்கக் கோட்டிலிருந்து உதைத்த பந்தை ஷான் கன்னிங்ஹாம் கையால் குத்தி வலைக்குள் அனுப்பினார். கடைசிக் கணக்கு 1-9க்கு 1-7. முதல் எண் கோல், அடுத்தது புள்ளி. ஒரு கோல் மூன்று புள்ளி என்பதால் பன்னிரண்டுக்குப் பத்து. சாம் மகுவயர் கோப்பையை டெர்மட் தூக்கினார். லௌத் அதற்குப் பிறகு அந்தக் கோப்பையைத் தொடவே இல்லை.

இந்த விளையாட்டில் யாருக்கும் சம்பளம் இல்லை. நாட்டையே வென்ற கேப்டனும் திங்கட்கிழமை பிழைப்பைப் பார்க்கப் போக வேண்டும். டெர்மட்டுக்கு வாழ்க்கை இசையானது. இதில் என்னை வியக்கவைப்பது வேறொன்று. அன்றைய கேலிக் விளையாட்டுச் சங்கம் சாக்கர் (உலகம் ஆடும் கால்பந்து), ரக்பி, கிரிக்கெட் போன்ற 'அயல்' ஆட்டங்களை உறுப்பினர்கள் ஆடவோ பார்க்கவோ கூடாது என்று தடை வைத்திருந்தது. கிளைகள் அயல் நடனங்களை நடத்துவதும் பிடிக்காது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. அப்படிப்பட்ட சங்கத்தின் உச்சிக் கோப்பையைத் தூக்கிய கைகள், ராக் அண்ட் ரோல் அதிர்கிற அரங்குகளில் அக்கார்டியன் வாசித்தன. எது சொந்தம், எது அயல் என்று இந்த நாடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அவர் இரண்டையும் ஒரே தோளில் சுமந்தார். காயம்பட்ட அதே தோள்தானோ என்று சில நேரம் நினைத்துக்கொள்வேன்.

1966இல் அவர் பாடிய 'தி மெரி ப்ளவ்பாய்' அயர்லாந்து இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அது பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியின் ஐம்பதாவது ஆண்டு. ஏரைப் போட்டுவிட்டு டப்ளினுக்குப் போராடக் கிளம்பும் ஓர் உழவனின் பாட்டு. பீட்டில்ஸ் உலகத்தையே கட்டியாண்ட காலத்தில் ஆர்டி ஊர் அக்கார்டியன்காரர் சொந்த நாட்டில் முதலிடத்தில் நின்றார்.

உங்கள் குழுவில் யாரேனும் இந்த இடத்தில் தயங்கலாம். அது ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதப் போராட்ட அமைப்பில் சேரப் போகிறவனின் பாட்டு, அதன் பிறகு வட அயர்லாந்தில் நடந்த முப்பது ஆண்டு ரத்தத்தைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி ஒலிக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஷோபேண்டுகளின் சாலையிலேயே அந்த ரத்தம் சிந்தியது. 1975 ஜூலை 31 அதிகாலை, பான்பிரிட்ஜில் வாசித்துவிட்டு டப்ளின் திரும்பிக்கொண்டிருந்த மயாமி குழுவின் வேனை, வட அயர்லாந்தின் நியூரிக்கு அருகே, பிரிட்டனோடு இருக்க விரும்பிய தரப்பின் ஆயுதக் குழுவினர் போலிச் சோதனைச் சாவடி போட்டு நிறுத்தினார்கள். ஃபிரான் ஓ'டூல், டோனி ஜெராட்டி, பிரையன் மெக்காய் மூவரும் கொல்லப்பட்டார்கள். அந்த வேன் வீடு போய்ச் சேர்ந்திருந்தால் எல்லையைத் தாண்டி எங்கள் லௌத் வழியாகத்தான் போயிருக்கும். அதற்குப் பிறகு வடக்கே வாசிக்கப் போவதற்குப் பல குழுக்கள் அஞ்சின. மயாமிக்கு நீங்கள் அஞ்சல்தலை வெளியிட்டீர்கள். அந்தத் துயரத்துக்கு முன் அரங்குகளில் இருந்த மகிழ்ச்சியைத்தான் அதில் அச்சிட்டீர்கள். டெர்மட்டையும் அதே கண்ணால் பாருங்கள். பாட்டின் பெயர் அஞ்சல்தலையில் வர வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. பெட்டி இருந்தால் போதும்.

மிச்சக் கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மது விற்கிற ஓட்டல்களும் டிஸ்கோக்களும் வந்ததும் அரங்குகள் ஒவ்வொன்றாக மூடின. டெர்மட் அமெரிக்காவிலும் பல காலம் வாசித்தார். ஒருகாலத்தில் தவக்காலத்துக்கு மட்டும் போய்வந்த நாடு பின்னர் பல கலைஞர்களுக்கு நிரந்தர மேடையானது. அவர் இறந்தது 2007 மே 22, வயது 74. 1957 வெற்றியின் பொன்விழா ஆண்டு அது. செப்டம்பரில் வரவிருந்த அந்த நாளைப் பார்க்க அவருக்கு இன்னும் நான்கு மாதம் தேவைப்பட்டது.

2025 மே மாதம் லௌத் அணி குரோக் பார்க்கில் மீத் அணியை வென்று லென்ஸ்டர் மாகாணப் பட்டத்தைப் பிடித்தது. 1957க்குப் பிறகு முதல் முறை, 68 ஆண்டு இடைவெளி. அந்த வாரம் எங்கள் தெருவில் சிவப்பு வெள்ளைக் கொடி இல்லாத வீடு குறைவு. கடைக்குப் போனால் அதே பேச்சு, பேச்சில் எல்லாம் அவர் பெயர். கொடி ஒன்று வாங்கி நானும் கட்டினேன். அவரை ஆட்டக்காரராக இந்த மாவட்டம் ஒருநாளும் மறக்காது என்று அப்போது தெரிந்தது. எனக்குக் கவலை பெட்டியைப் பற்றித்தான். கோப்பையோடு எடுத்த படம் எல்லா இடத்திலும் வரும். அக்கார்டியனை நாடு முழுக்கக் கடித உறைகளில் கொண்டுபோக உங்களால்தான் முடியும்.

ஆகவே இப்படிக் கேட்கிறேன். அஞ்சல்தலை ஒன்றாக இருக்கட்டும். ஆட்டக்காரர் ஒன்று, பாடகர் ஒன்று என்று அவரை இரண்டாகப் பிரிக்க வேண்டாம். முதல்நாள் முத்திரை ஆர்டி அஞ்சலகத்தின் பெயரில் குத்தப்படட்டும். ஓவியருக்கு ஒரே ஒரு சொல்: துருத்தி மூடியிருக்கும்போது வரையாதீர்கள். முழுதாக விரிந்து, மடிப்பு மடிப்பாகத் தெரிய, அடுத்த சுரத்துக்குக் காற்று உள்ளே வந்துகொண்டிருக்கிற நேரத்தில் வரையுங்கள்.

பதிலை எதிர்பார்த்திருப்பேன்.

அன்புடன்,
லௌத்திலிருந்து ஓர் அஞ்சல்தலை சேகரிப்பவர்