பிளக் மாற்றுவதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

பிக்கப்பின் ஸ்பார்க் பிளக்குகளை நீயே மாற்றப்போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். மெக்கானிக்கிடம் விடாமல் நீயே ஏன் செய்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை. வேலை எப்படிப் போகிறது என்றால் ‘போகிறது’ என்று நிறுத்திக்கொள்கிறாய். நானும் அதற்கு மேல் துருவுவதில்லை. வண்டியைப் பற்றியாவது விரிவாகப் பேசுகிறேன்.

எஞ்சின் முழுதாக ஆறட்டும். பிளக் திருகியிருக்கும் ஹெட், அதாவது எஞ்சினின் மேல்பகுதி, அலுமினியம் என்பதால், சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரையும் சேர்ந்து பிய்ந்து வரும். பெரியப்பாவின் வண்டிக்கு என்ன ஆயிற்று என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். இரவு முழுக்க நிற்கவிட்டு, விடிந்ததும் பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆரம்பி. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் கனெக்டர் பூட்டு ஆண்டுக்கணக்கில் சூடு பட்டு நொறுங்கும் நிலையில் இருக்கும், நெம்பாமல் விரலால் அழுத்தி எடு. பிளக்கில் சாக்கெட்டை வைப்பதற்கு முன், கண்ணாடி போட்டுக்கொண்டு, அது உட்கார்ந்திருக்கும் குழிக்குள் காற்றடித்து மண்ணை வெளியேற்று. பிளக் வெளியே வந்துவிட்டால் குழியில் தங்கிய மணல் நேராகச் சிலிண்டருக்குள்தான் விழும். சாக்கெட் 16 மில்லிமீட்டரா என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் கை நீட்டும் முன்பே அளவைச் சொல்லி எடுத்துக்கொடுத்த பிள்ளை நீ. அதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

புதிய பிளக்கை ரெஞ்சால் தொடங்காதே. அதன் தலையில் ஒரு ரப்பர் குழாய்த் துண்டைச் செருகி விரலால் சுற்று. மரை கோணலாகப் பிடித்தால் ரப்பர் வழுக்கிவிடும், ரெஞ்ச் என்றால் மரையை அறுத்துக்கொண்டே போகும். கடைசிவரை கையால் இறங்கியபின், எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்சை எடு. 14 மில்லிமீட்டர் மரையும் வாஷரும் உள்ள பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். கையேட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்று. மரையில் கிரீஸ் தடவினால் ரெஞ்ச் காட்டும் அளவு பொய்த்து, பிளக் அளவுக்கு மீறி இறுகிவிடும். இரிடியம் பிளக் என்றால் நுனியின் இடைவெளியைச் சரிசெய்கிறேன் என்று நடுக்கம்பியை நெம்பாதே, அது முடியைப் போல மெல்லியது.

மேடு ஏறும்போது எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது என்றும் அம்மா சொன்னாள். என்னை உறங்கவிடாமல் செய்வது அதுதான். ஏதோ ஒரு சிலிண்டரில் பொறி பிடிக்கவில்லை. எரியாத பெட்ரோல் வெளியேறிப் புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பாழாக்கும். மேட்டில் பாரத்தோடு இழுக்கும்போது வண்டி திணறினால் பின்னால் வருகிறவன் அறிவானா? இத்தனை நாள் இதை வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறாய், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. பிளக் மாற்றும்வரை அந்த வண்டியை எடுக்காதே, பாரம் ஏற்றவே ஏற்றாதே. மாற்றிய பிறகும் விளக்கு எரிந்தால், வண்டியின் கணினி பதிந்துவைத்திருக்கும் பிழைக் குறியீட்டைப் படித்துப் பார். பி0303 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டரின் காயிலையும் முதலாவதின் காயிலையும் இடம் மாற்றிப் போடு. குறியீடு பி0301 ஆகிவிட்டால் குற்றம் காயிலில் என்று தெரிந்துபோகும்.

ஒன்றை மாற்றி முடித்த பிறகே அடுத்ததைக் கழற்று. எஞ்சின் ஆறாமல் தொடாதே, திரும்பவும் சொல்கிறேன். பழைய பிளக்குகளை எறிந்துவிடாமல் சிலிண்டர் வரிசைப்படி துணியில் அடுக்கி, நுனி தெரியும்படி படம் எடுத்து எனக்கு அனுப்பு, அம்மாவுக்கு அல்ல. வெளிர் பழுப்பு என்றால் கவலையில்லை. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெயில் நனைந்திருந்தால் மட்டும் படத்தோடு நிறுத்தாமல் கூப்பிடு. எந்த நேரமானாலும் எடுப்பேன், எண்ணெயைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும் என்றும் இல்லை.

அன்புடன்,
அப்பா