சம்பள உயர்வு வருவதற்கு முன்னால்

அன்புள்ள மகளுக்கு,

ஓய்வுக்காலச் சேமிப்பைப் பற்றிக் கேட்டால் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்பா" என்கிறாய். போன வருஷமும் இதைத்தான் சொன்னாய். திட்டுவதற்காக எழுதவில்லை. நீ ஊதாரியும் இல்லை, கணக்குத் தெரியாதவளும் இல்லை. இந்த மாதச் செலவு கண்முன்னே நிற்கிறது. 65 வயதில் நீ யாராக இருப்பாய் என்பது தெரியவில்லை. முகம் தெரியாத ஒருத்திக்காகக் கையிலிருப்பதை விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? வயதான தோற்றத்துக்கு மாற்றிய தங்கள் முகத்தையே திரையில் பார்த்தவர்கள் ஓய்வுக்காலத்துக்குக் கூடுதலாக ஒதுக்கினார்கள் என்று ஹால் ஹெர்ஷ்ஃபீல்டு என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் 2011இல் எழுதியிருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் செய்த காரியம். மனசைத் திருத்தப் பார்க்காமல் அதன் போக்கிலேயே போனார்கள். இன்றைய சம்பளத்தில் கை வைக்க வேண்டாம், இனி வரும் ஒவ்வொரு உயர்விலும் ஒரு பங்கு சேமிப்புக்குப் போகட்டும், பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று ஒரு நிறுவனத்து ஊழியர்களிடம் சொல்லிப் பார்த்தார்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வில், சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதத்துக்கு ஏறியது. வாங்கிப் பழகிய தொகை குறைந்தால்தான் நமக்கு வலிக்கிறது. கைக்கே வராததற்கு யார் அழப்போகிறார்கள்?

ஆனால் தானாக நடப்பதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. புதிதாக வருபவர்களைக் கேட்காமலே சேமிப்புத் திட்டத்தில் சேர்த்துவிடும் ஓர் அமெரிக்க நிறுவனத்தை பிரிஜிட் மேட்ரியனும் டென்னிஸ் ஷேயும் ஆராய்ந்தார்கள். விலகியவர்கள் கொஞ்சப் பேர்தான். அப்புறம் பார்த்தால், நிறுவனம் முதலில் போட்டுவைத்த, சம்பளத்தில் 3 சதவீதம் என்ற அளவிலேயே பெரும்பாலோர் உட்கார்ந்துவிட்டார்கள். அதைவிட அதிகம் போட முடிந்தவர்களும் அதில் உண்டு. யாரோ வைத்த எண்ணை ஏதோ நிபுணரின் ஆலோசனை போல எடுத்துக்கொள்கிறோம். உன் சேமிப்புத் திட்டப் படிவத்தில் என்ன எண் இருக்கிறது, பார்த்தாயா?

இன்னொன்று, மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான். கிரெடிட் கார்டு பாக்கிக்குப் பெரிய வட்டி கட்டிக்கொண்டே, சின்ன வட்டி தரும் கணக்கில் "அது வேற பணம்" என்று வைத்திருக்கிறீர்கள். பணத்துக்கு அந்தப் பிரிவினை தெரியாது. அவசரத்துக்கு ஒரு தொகையை விட்டுவிட்டு மீதியில் பாக்கியை அடைத்துவிடுங்கள்.

சம்பள உயர்வுக் கடிதம் வருவதற்கு முன்பே, உயர்வில் ஒரு பங்கு சேமிப்புக்குப் போகட்டும் என்று அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடு. வந்த பிறகு அந்தத் தொகைக்கு ஆயிரம் செலவு தோன்றிவிடும். கொடுத்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல்.

அன்புடன்,
அப்பா