மூலையில் உயரமான தொட்டி வேண்டாம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. சின்ன இடத்துக்குள்ளேயே மீன்தொட்டியைப் பெரிதாக்குவது எப்படி என்று கேட்டிருந்தாயே, அதே வேலையில்தான் நானும் மூழ்கிக் கிடந்தேன், முடித்துவிட்டு எழுதினால் உனக்கும் உபயோகமாக இருக்கும் என்று தள்ளிப்போட்டேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? படி ஏறும்போது மட்டும் வலிக்கிறது என்றாயே, இப்போது தேவலையா? மகள் படிக்கக் கிளம்பிப் போய் இரண்டு மாதம் ஆகிறது. அவளுடைய மேசையை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், எனக்கும் எடுக்க மனசில்லை. அதனால் வீட்டில் ஒரு ஆள் குறைந்தும் இடம் என்னவோ கூடவில்லை.

சரி, உன் மூலைக்கு வருகிறேன். 40க்கு 40 சென்டிமீட்டர் இடம்தான் இருக்கிறது, அதனால் 80 சென்டிமீட்டர் உயரமான ஒரு தொட்டி வாங்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து வாங்காதே. கணக்குப்படி அது 128 லிட்டர், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் மேற்பரப்பு 1600 சதுர சென்டிமீட்டர்தான், நான் இத்தனை நாள் வைத்திருந்த 54 லிட்டர் தொட்டிக்கே 1800 இருந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜன் உள்ளே இறங்குவதும் கரியமில வாயு வெளியேறுவதும் அந்த மேற்பரப்பு வழியாகத்தானே. லிட்டர் கூடக்கூட மீனும் கூட்டலாம் என்று நம்பி நாம் ஏமாறுகிற இடம் இதுதான். மீன்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் நீந்துகிறவை, 40 சென்டிமீட்டரில் உன் கோல்டு ஃபிஷ் இரண்டும் திரும்பித் திரும்பியே அலுத்துப்போகும். அப்புறம் 80 சென்டிமீட்டர் ஆழத்தில் அடியில் விழுந்த ஒரு கல்லை எடுக்க உன் கை எட்டாது, கீழே இருக்கும் செடிக்கு வெளிச்சம் சரியாகப் போய்ச் சேராது. கண்ணாடியும் தடிமனாக வேண்டும், ஏனென்றால் தண்ணீர் கண்ணாடியை அழுத்துவது ஆழத்தைப் பொறுத்துத்தான், எத்தனை லிட்டர் என்பதைப் பொறுத்து இல்லை.

நான் செய்தது இவ்வளவுதான்: சுவரோரம் பழைய தொட்டி பிடித்த 60 சென்டிமீட்டர் நீளத்தை அப்படியே விட்டுவிட்டு, முன்பக்கமாக அறைக்குள் 15 சென்டிமீட்டர் நகர்ந்தேன். பழையது 60க்கு 30க்கு 30, புதியது 60க்கு 45, உயரம் 40. அது 108 லிட்டர், பழையதைப்போல் சரியாக இரண்டு மடங்கு. இதில் எனக்கு லிட்டரைவிடப் பெரிய சந்தோஷம் தரைப்பரப்பு ஒன்றரை மடங்கானதுதான், என் கோரிடோரஸ் என்கிற சின்னக் கெளுத்தி மீன்கள் நான்கும் நாளெல்லாம் அடியிலேயே மணலைக் கிளறிக்கொண்டு திரிகிறவை, அவற்றுக்கு உயரத்தால் என்ன லாபம்?

அந்த 15 சென்டிமீட்டரை வீட்டில் ஒத்துக்கொள்ள வைக்க ஒரு வழி செய்தேன், நீயும் செய்து பார். அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டி, ஸ்டாண்டோடு சேர்த்துப் புதிய தொட்டியின் முழு அளவில் ஒன்று செய்து, அது நிற்கவேண்டிய இடத்தில் ஒரு வாரம் வைத்துவிட்டேன். இரண்டாம் நாளே அலமாரிக் கதவு அதில் இடிப்பது தெரிந்தது. பத்து சென்டிமீட்டர் இடதுபக்கம் தள்ளினோம், பிரச்சினை தீர்ந்தது. தொட்டிக்குப் பின்னால் குழாயும் வயரும் போக ஏழெட்டு சென்டிமீட்டர், மேலே வலையும் கையும் உள்ளே நுழைய ஒரு முழம், இரண்டையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். என் தொட்டிக்கு மேலே இருந்த புத்தகப் பலகையை இதற்காகவே கழற்றினேன். புத்தகங்கள் ஸ்டாண்டுக்கு அடியில் போகவில்லை, தண்ணீர் சிந்தும் இடம் அது. வாளி, குழாய், வலை, தீனி எல்லாம் அங்கே போனதால் அவை அடைத்துக்கொண்டிருந்த இடம் புத்தகத்துக்குக் கிடைத்தது.

எடையைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. என்னுடையதில் தண்ணீர், கண்ணாடி, மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 150 கிலோவுக்குக் குறையாது. இதைச் சாதாரண மேசைமேல் ஏற்றவே கூடாது. ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது தரை ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருந்தது, ஸ்டாண்டின் காலுக்கடியில் தகடு கொடுத்துச் சரிசெய்த பிறகுதான் தண்ணீர் விட்டேன்.

இனி மாற்றிய கதை. இரண்டு தொட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாக மாற்றுகிற வசதி நமக்கு இல்லை, பழையது எழுந்தால்தான் புதியது உட்கார முடியும். எனக்கு இருந்த பயமெல்லாம் ஃபில்டரைப் பற்றித்தான். பல வருடங்களுக்கு முன் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவிவிட்டு, ஒரே வாரத்தில் ஆறு மீன்களை இழந்து உனக்குக் கடிதம் எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கிறது, தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் அதைக் கொன்றுவிடும். புதிதாக வளர நாலைந்து வாரம் பிடிக்கும், அதுவரை மீன்கள் விஷத்தில் கிடக்கும். அதனால் இந்தத் தடவை புதிய தொட்டிக்கு வாங்கிய ஃபில்டரை ஒரு மாதம் முன்பே பழைய தொட்டியில் மாட்டி, பழைய ஃபில்டரோடு சேர்த்து ஓடவிட்டேன். மாற்றிய அன்று இரண்டுமே புதிய தொட்டிக்குப் போயின.

அன்று காலையில் பழைய தண்ணீரை மூடி போட்ட இரண்டு வாளிகளில் பிடித்துக்கொண்டேன். செடி, கல் எல்லாம் எடுத்து, தண்ணீரைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிய பிறகுதான் வலையைக் கையில் எடுத்தேன். நிறைந்த தொட்டியில் நியான் டெட்ரா மாதிரிச் சின்ன மீன்களைத் துரத்தினால் அவையும் மிரண்டுபோகும், நாமும் களைத்துப்போவோம். ஒரு வாளியில் மீன்கள், ஏர் பம்போடு. இன்னொன்றில் ஃபில்டர் ஸ்பாஞ்சுகள், அதற்கும் காற்று விட்டேன், அவை காய்ந்துவிடக் கூடாது. பழைய மணலைக் கிளறியபோது வந்த அழுக்கைப் பார்த்து எனக்கே வருத்தமாகிவிட்டது, அதைத் தெளிகிற வரைக்கும் அலசித்தான் போட்டேன். குளோரின் நீக்கிய தண்ணீர், பழைய தண்ணீர், இரண்டும் ஒரே சூட்டில் இருக்கிறதா என்று பார்த்துக் கலந்து, சாயங்காலம் நாலு மணிக்கு மீன்களை விட்டேன். ஒன்றுகூடச் சாகவில்லை. பத்து நாள் தீனியைப் பாதியாகக் குறைத்து, தினமும் அம்மோனியா சோதித்தேன், ஒரு நாளும் ஏறவில்லை.

இன்னும் ஒரே ஒரு மீன்கூடப் புதிதாக வாங்கவில்லை. இருக்கிறவை விசாலமாக வாழட்டும் என்றுதானே மாற்றினோம்.

உன் கோல்டு ஃபிஷ் இரண்டும் உள்ளங்கை அளவு வந்துவிட்டன என்கிறாய், இன்னும் வளரும், 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. அவற்றுக்கு என் தொட்டியே போதாது. கதவுக்கு எதிர்ச்சுவரில் டிவி ஸ்டாண்ட் இருக்கிறதே, டிவியைச் சுவரில் மாட்டிவிட்டால் அங்கே 90க்கு 45க்கு 45 உட்காருமா என்று அளந்து பார். அது 182 லிட்டர், எல்லாம் சேர்த்து 250 கிலோ போல வரும். ஜன்னல் வெயில் நேராக விழாத இடம் என்பதால் பாசித் தொல்லையும் குறையும். வாளி தூக்குவது மட்டும் உன் முழங்காலுக்கு ஆகாது, குழாயிலிருந்து நீளமாக ஒரு ஹோஸ் போட்டுக்கொள். அங்கேயும் இடம் இல்லையென்றால், குளம் வைத்திருக்கிறவர் யாருக்காவது இரண்டையும் கொடுத்துவிட்டுச் சின்ன மீன்களோடு இரு என்பேன். ஆசையாக வளர்த்ததைக் கொடுப்பது கஷ்டம்தான், தெரியும்.

சுவரின் நீளத்தையும் அலமாரிக் கதவு எவ்வளவு திறக்கிறது என்பதையும் அளந்து எழுது. மாற்றுகிற நாளை முன்கூட்டியே சொல், வாளி பிடிக்க நான் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்