கரும்புகை வந்தாலே இன்ஜெக்டரை மாற்ற வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லாரி எஞ்சின் பராமரிப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையில், கரும்புகை வந்தால், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களை மொத்தமாக மாற்றிவிடுவதே நல்லது என்று எழுதப்பட்டிருந்தது. டீசல் எஞ்சின் வேலையில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. எரியும் டீசலுக்குப் போதிய காற்று கிடைக்கவில்லை என்பதைத்தான் கரும்புகை காட்டுகிறது. இன்ஜெக்டர் டீசலை அதிகமாகக் கொட்டினாலும் அது வரும். ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும், காற்றை அழுத்தித் தரும் டர்போவிலிருந்து அதைக் கொண்டுசெல்லும் ஹோஸ் கிழிந்தாலும் அதே புகைதான் வரும். காற்றுப் பாதையைப் பார்க்காமல் ஆறு இன்ஜெக்டர்களையும் கழற்றினால் செலவு கூடுமே தவிர, பழுது இருந்த இடத்திலேயே இருக்கும்.

எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து (ரெயில்) உயர் அழுத்த டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் இன்ஜெக்டர் மீது சந்தேகம் வந்தால், முதலில் ரிட்டர்ன் அளவை, அதாவது இன்ஜெக்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் டீசலின் அளவைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி அளவுக் குப்பியில் விட்டு எஞ்சினைச் சிறிது நேரம் ஐட்லிங்கில் ஓடவிட்டால், உள்ளே தேய்ந்துபோன இன்ஜெக்டரின் குப்பி மற்றவற்றைவிட வேகமாக நிறையும். ரிட்டர்ன் பாதை சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே அமைந்த எஞ்சின்களில் இப்படிப் பிரித்துப் பார்க்க வழியில்லை. அங்கே மொத்த ரிட்டர்னை அளந்துகொண்டு, எஞ்சினை நிறுத்தி அழுத்தம் இறங்கிய பின், ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகும் வழியை ரெயிலிலேயே மூடிப் பார்த்து, எதை மூடும்போது ரிட்டர்ன் குறைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எஞ்சின் கணினியின் பழுதுக் குறிப்பைப் படிக்கும் ஸ்கேனரோ 'ரெயில் அழுத்தம் குறைவு' என்பதோடு நின்றுவிடும். அதை மட்டும் நம்பி உயர் அழுத்த பம்பை மாற்றிவிட்டு, பிறகும் ஸ்டார்ட் ஆகாத வண்டியைச் சுற்றி நிற்பவர்கள் உண்டு.

இரவெல்லாம் நின்ற லாரி காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகே எழுகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டு டீசல்கூட இல்லை என்றால், டேங்கிலிருந்து பம்ப் வரையிலான உறிஞ்சும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே இணைப்பு தளர்ந்தால் ஓடும்போது டீசல் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும். இடையில் சிறிது தூரம் கண்ணாடிபோல் தெரியும் ஹோஸைப் பொருத்தினால் குமிழிகள் கண்ணுக்கே தெரியும்.

கட்டுரை தொடாமலே விட்ட செய்தி, ஆயில் அளவு கூடுவது. டிப்ஸ்டிக்கில் ஆயில் குறையவில்லை என்று மகிழ்ச்சி அடையும் ஓட்டுநர்கள், அது ஏறியிருந்தால் அதுவும் பெரிய ஆபத்து என்பதை உணர்வதில்லை. மூடாமல் ஒழுகும் இன்ஜெக்டர் முனையிலிருந்தோ (நாசில்), ஹெட்டுக்குள் இருக்கும் இன்ஜெக்டரின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வழியாகவோ டீசல் ஆயிலில் கலந்தால், ஆயில் நீர்த்துப்போய் பேரிங்குகள் தேயும். ஆயிலை முகர்ந்து பார்த்தாலே பாதி தெரியும். ஐயமிருந்தால் ஆய்வுக்கு அனுப்பலாம்.

கூலன்ட் வெளியில் கசியாமல் குறைந்துகொண்டே வந்தால், சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட்டை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் முன் குளிர்விக்கும் இஜிஆர் கூலரின் உட்குழாய் வெடிப்பு விட்டிருக்கலாம்; இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள ஸ்லீவ் (உறை) விரிசல் விட்டிருக்கலாம். குளிர்ந்த எஞ்சினில் கூலிங் சிஸ்டத்துக்கு அழுத்தம் கொடுத்து வைத்துவிட்டு அது இறங்குகிறதா என்று பார்ப்பது, ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. கூலன்டோ ஆயிலோ வெளியில் கசிந்தால் எஞ்சினை நன்றாகக் கழுவி, சிறிது நேரம் ஓட்டி, நனைந்த இடங்களில் மிக உயரமானதும் மிக முன்னால் இருப்பதும் எது என்று தேட வேண்டும். வால்வ் கவரில் கசிந்த ஆயில் காற்றில் பின்னோக்கி வழிந்து, எஞ்சினின் பின்பக்கத்தில் ஆயிலைத் தடுக்கும் கிராங்க் சீல்தான் போய்விட்டது என்று நம்பவைத்துவிடும்.

இறுதியாக, உயர் அழுத்தக் குழாயில் கசிவைக் கையால் தடவிப் பார்க்கலாம் என்ற கட்டுரையின் ஆலோசனையைத் தாங்கள் உடனே திருத்த வேண்டும். ரெயிலில் 2000 பார் அளவுக்கும் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் இரண்டாயிரம் மடங்கு) அழுத்தம் இருக்கக்கூடும். கண்ணுக்குத் தெரியாத பீச்சல்கூடத் தோலைத் துளைத்து டீசலைச் சதைக்குள் செலுத்திவிடும். வெளியே ஊசி குத்திய அளவே தெரிந்தாலும், உடனடியாக அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. எஞ்சின் ஓடும்போது ஓர் அட்டையை நீட்டிப் பார்ப்பதும், எஞ்சினை நிறுத்திச் சிறிது நேரம் காத்திருந்த பின்பே குழாயைத் தொடுவதுமே சரியான முறை. இந்தத் திருத்தத்தைக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டீசல் எஞ்சின் மெக்கானிக் ஒருவர்