ஒரு டாலர் காரும் நான்கு ராத்திரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் பேட்மேன் காரைப் பற்றி, "படத்துக்கென்றே புதிதாகப் பிறந்த வண்டி" என்று எழுதியிருந்தீர்கள். நல்ல பிரசவம்! 1955-இல் இத்தாலியில் கியா (Ghia) என்ற கார்க்கூடு கட்டும் நிறுவனம் கையால் செய்து கொடுத்த லிங்கன் ஃபியூச்சரா என்ற கண்காட்சிக் கார் அது. முத்து வெள்ளை நிறம், தலைக்கு மேல் இரண்டு கண்ணாடிக் குமிழ். கண்காட்சிகளில் நின்றது, 1959-இல் சிவப்பு பெயிண்ட் அடித்துக்கொண்டு வேறொரு படத்தில் தலைகாட்டியது, பிறகு கேட்பாரற்றுக் கிடந்தது. ஹாலிவுட்டில் கார்களை உருமாற்றித் தரும் பட்டறை வைத்திருந்த ஜார்ஜ் பாரிஸ் அதை ஒரே ஒரு டாலருக்கு வாங்கினார். சுமார் மூன்று வாரத்தில் வேலை முடிந்தது. பின்பக்க இறக்கைகள் ஏற்கெனவே இருந்தன; விளிம்பை வௌவால் சிறகு போல வளைத்து, கறுப்பு அடித்தார்கள். 1966-இல் தொலைக்காட்சியிலும் சினிமாவிலும் ஓடியது அந்தப் பழைய வண்டிதான். 2013-இல் 42 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. தாங்கள் அறியாததா?

நான் குன்னூரில் டிங்கர் பட்டறை வைத்திருப்பவன். பல வருடங்களுக்கு முன் கேத்திப் பக்கம் படப்பிடிப்புக்கு வந்தவர்கள் ஓடாத ஃபியட் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து, வெளிநாட்டுக் காராக்கித் தரச் சொன்னார்கள். நான்கு ராத்திரி கெடு. ஐப்பசி மழையில் பூசிய பட்டி காயவே இல்லை. இரும்புச் சட்டியில் கரித்தணலை அள்ளி மட்கார்டுக்கு அடியில் வைத்து, நானும் மச்சானும் மாறி மாறி விசிறினோம். பின்பக்க இறக்கை இரண்டும் எண்ணெய் டின்னை விரித்துத் தட்டியவை. கிட்டே போனால் முத்திரை எழுத்து தெரியும். படம் வந்தபோது தங்கள் பத்திரிகை அந்தக் காரின் புகைப்படத்தைப் போட்டு, "மும்பையிலிருந்து வரவழைத்த கார்" என்றது. அன்றே கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

மலை ரயில் என்றாலும் தங்களுக்கு எந்த நடிகை எந்தப் பெட்டியின் மேல் ஆடினார் என்பதுதான் செய்தி. அதற்குப் புது நீராவி எஞ்சின்கள் செய்து கொடுத்த திருச்சி பொன்மலைப் பணிமனைக்கு ஒரு பத்தி உண்டா? இதே கட்டுரையில் அம்பாசிடர் "அசல் உள்நாட்டு வடிவம்" ஆகிவிட்டது. அதற்கு மூலமான இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை ஓட்டிய தாத்தா யாராவது படித்தால் சிரிப்பார். சுத்தியல் பிடித்தவன் பெயர்தான் வரவேண்டாம், வண்டியின் பெயராவது சரியாக வரக்கூடாதா?

திருத்தம் போடுவதும் போடாததும் தங்கள் பெருந்தன்மை. அன்றைய கடிதத்தோடு, தபால்தலை ஒட்டிய உறையும் வைத்து, ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தேன். ஃபியட் பக்கத்தில் நான் நிற்கிறேன். மட்கார்டுக்கு அடியில் விசிறியோடு குனிந்திருப்பவர் மச்சான், முதுகு மட்டும்தான் தெரியும். வேறு பிரதி இல்லை. அவர் வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கோப்பில் கிடந்தால் திருப்பி அனுப்பவும். உறைக்கு வேண்டுமானால் மறுபடியும் தபால்தலை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பட்டறைக்காரன்,
குன்னூர்.