தேள் பெல்ட்டைத் தூக்கிப் போட்டுடாத

மச்சான்,

எட்டு மாசமா ஒரு வரி கூட போடல, கோவமாத்தான் இருப்ப, எல்லாத்தையும் சேத்து வச்சு நேர்ல திட்டு. அம்மா முட்டி ஆபரேஷன் முடிஞ்சு நல்லா நடக்குறாங்கன்னு குட்டி சொன்னான், சந்தோஷம். நான் ஃப்ளையிங் கிளாஸ் சேந்தேன்ல, அங்க நடந்தத உன்கிட்ட சொல்லாம இருக்க முடியல.

போன வாரம் மேல போனப்ப இன்ஸ்ட்ரக்டர் கண்ண மூடி தலைய குனிஞ்சுக்கோன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு ப்ளேன் எப்படிப் போகுதுன்னு கேட்டாரு, நேராத்தான் போகுது சார்னு அடிச்சு சொன்னேன். தொறந்து பாத்தா இடது றெக்கை கீழ தொங்குது, நல்லா திரும்பிட்டிருக்கோம்டா! மெதுவா சாய்ச்சா உள்காதுக்கு உறைக்கவே உறைக்காதாம், ஒரே சீரா திரும்பிட்டே இருந்தாலும் 10, 20 செகண்ட்ல அந்த உணர்வு போயிடுமாம். மேகத்துக்குள்ள இப்படி ஏமாந்து நல்ல ப்ளேன தரையில மோதினவங்க எத்தனையோ பேர். எறங்கினப்புறமும் கை நடுங்குச்சு.

அப்பதான் உன் தேள் பெல்ட் ஞாபகம் வந்துச்சு, அதான் மோட்டார் வச்சு எந்தப் பக்கம்னு தோல்ல தட்டிச் சொல்ற மாதிரி நீ காலேஜ் ப்ராஜெக்ட்டுக்குப் பண்ணுனியே. ப்ராஜெக்ட் அன்னிக்கு கிளாஸே சிரிச்சுது, நானும் சேந்து சிரிச்சேன், மன்னிச்சிருடா. அமெரிக்க நேவில ஆங்கஸ் ரூபர்ட்னு ஒரு டாக்டர் அதையே சட்டையா பண்ணியிருக்காரு, உடம்பச் சுத்தி குட்டி குட்டி வைப்ரேட்டர், ப்ளேன் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் விலாவுல தட்டும், 1995லயே ஹெலிகாப்டர்ல போட்டுப் பறந்து பாத்துட்டாங்க.

2009ல ஏர் பிரான்ஸ் 447 கடல்ல விழுந்து 228 பேர் போனாங்கல்ல, அதுல ஸ்டால் ஸ்டால்னு, அதாவது றெக்கை தூக்குற சக்திய இழக்குதுன்னு, வார்னிங் 70 தடவைக்கு மேல கத்தியிருக்கு, பைலட்டுங்க காதுல ஏறின மாதிரியே தெரியல. நெறைய ப்ளேன்ல ஸ்டிக் ஷேக்கர்னு ஒண்ணு பைலட் புடிச்சிருக்குற கம்பத்தையே உதறும், விழுந்த அந்த ஏர்பஸ் ஏ330ல அது கெடையாது. உதறியிருந்தா பொழச்சிருப்பாங்கன்னு சொல்ல வரல, ஆனா கண்ணும் காதும் திணறிட்டு இருக்குறப்ப தோல் மட்டும் சும்மா கெடக்குதே, அது மனச அரிக்குது.

ஒரு விஷயத்துலதான் மாட்டிக்கிட்டேன். இடது விலாவுல தட்டினா "இடது பக்கம் சாயுற"ன்னு அர்த்தமா, "இடது பக்கம் வா"ன்னு அர்த்தமா? பதட்டத்துல மாத்திப் புரிஞ்சா உயிரே போயிடும். இன்னொண்ணு, விடாம தட்டிட்டே இருந்தா தோலுக்குப் பழகிடும், ஹெலிகாப்டரோ தானாவே அதிரும், அதுல இது எப்படித் தனியா தெரியும்? இதெல்லாம் நீ அன்னிக்கே யோசிச்சிருப்ப.

பெல்ட் பரண்லதான இருக்கு? அடுத்த மாசம் வர்றேன், மோட்டார் ஓடுதான்னு பாத்து வை.

உன்
மச்சான்