இளவரசருக்கு வசனம் இல்லை

நைனா,

வெள்ளிக்கிழமை அம்மாவுக்குத் தலைத்திவசம். போனில் பேசிவிடலாம் என்று மூன்று தடவை எடுத்தேன். இரண்டு தடவை மணி அடிப்பதற்குள் நானே வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை நீங்கள் எடுத்து "யாரு?" என்றீர்கள். என் நம்பரை அழித்துவிட்டீர்களா, இல்லை கண்ணாடி போடாமல் எடுத்தீர்களா என்று நினைத்துக்கொண்டே நின்றதில் எனக்குப் பேச்சு வரவில்லை.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நான் எழுதுவதையெல்லாம் மாடி வீட்டுத் தம்பி உங்களுக்குப் படித்துக் காட்டுகிறான் என்று தெரியும். சொந்தக்காரர்களும் படிக்கிறார்கள், அதுவும் தெரியும். தம்பி, நடுவில் எதையும் விட்டுவிடாமல் படி.

நாடகப் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. பால் தெளித்துவிட்டு வந்த அன்றைக்கே பரண்மேல் இருந்து இறக்கி, ஆட்டோவில் போட்டு, காட்பாடியில் ரயில் ஏறிவிட்டேன். உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது தப்பு. பதினாறாம் நாளுக்கு வராதது அதைவிடப் பெரிய தப்பு. மன்னித்துவிடுங்கள். ஆனால் அந்த வீட்டில் அன்றைக்கு எனது என்று சொல்லி எடுத்துக்கொள்ள எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை நைனா. அந்தப் பெட்டியில் இருப்பதெல்லாம் அம்மா தைத்தது.

போன மாதம்தான் திறந்தேன். அந்துருண்டை வாசனைக்கு அடியில் இன்னும் கொஞ்சம், வேஷத்துக்குப் பூசுகிற முத்துவெள்ளை வாசனை இருக்கிறது. உங்கள் குல்லாயி அப்படியே இருக்கிறது. விஜயநகரத்து ராஜாக்கள் தலையில் கிரீடம் கிடையாது, உயரமான குல்லாயிதான் என்று நீங்கள் பிடித்த பிடிவாதம் நினைவிருக்கிறது. டிரெஸ் வாடகைக்காரர், "கிரீடம் இல்லேன்னா ஜனங்க ராஜான்னு நம்ப மாட்டாங்க சார்" என்று எவ்வளவோ சொன்னார். அன்றைக்கு ராத்திரியே அம்மா தன் கல்யாணப் புடவை முந்தானையை வெட்டிவிட்டாள். உள்ளே அட்டை, வெளியே அரக்குப் பட்டும் ஜரிகையும். நீங்கள் ஒரு பேச்சுக்குக்கூட "வேண்டாம்" என்று தடுக்கவில்லை. உள்விளிம்பில் உங்கள் வேர்வை பட்ட இடம் இப்போது பழுப்பாக, கையில் தொட்டால் சொரசொரவென்று இருக்கிறது. நான் அதை ரொம்ப நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

மோதிரமும் இருந்தது. பித்தளை, சிவப்புக் கண்ணாடிக் கல். அண்ணன் விரலுக்குப் பெரிதாக இருக்கிறதென்று அம்மா உள்பக்கம் நூல் சுற்றிக் கொடுத்தாளே, அந்த நூலும் அப்படியே இருக்கிறது.

அந்த நாடகத்தை நீங்கள் ஒரே ஒரு வரியிலிருந்து எழுதினீர்கள். பராதாஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் 1616-ல் எழுதிய கடிதம். ராணி வேறொரு தாயின் பிள்ளையை வாங்கி, தான் பெற்றதாகச் சொன்னாள். விஜயநகரத்து ராஜா வேங்கடபதி ராயருக்கு உண்மை தெரியும். தெரிந்தும், அவள்மேல் இருந்த பிரியத்தில் தெரியாதவர்போல் இருந்துவிட்டார். நூலகத்தில் அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு நீங்கள் வீட்டுக்கு வந்த வேகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சைக்கிளைச் சாத்தக்கூட இல்லை, வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினீர்கள். "நம்ம வேலூர்ல நடந்ததுடி, இந்தக் கோட்டைய ஆண்ட ராஜா!" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். அம்மா அடுப்பில் இருந்து திரும்பவில்லை.

சாமியில்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று நம்மூரைச் சொல்வார்கள். 1981-ல் சாமி சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குத் திரும்பிவிட்டார், இனி ராஜாதான் பாக்கி, அவரை நான் கொண்டுவருகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். அப்புறம் எங்களைத் திருப்பதிக்குக் கூட்டிப்போனீர்கள். எல்லாரும் பெருமாளைப் பார்க்க முண்டியடிக்க, நீங்கள் நுழைந்ததும் இருக்கிற அந்த மண்டபத்தில் நின்றுவிட்டீர்கள். கிருஷ்ணதேவராயர் இரண்டு பக்கமும் ராணிகளோடு கைகூப்பி நிற்கிறார். எதிர்ப்பக்கம் வேங்கடபதி ராயர், செம்புச் சிலை, தனியாக. "ராணி எங்கடா?" என்று என்னிடம் கேட்டீர்கள். எனக்கு என்ன தெரியும், பதின்மூன்று வயது. உங்கள் கண்ணில் தண்ணீர் இருந்தது. நானூறு வருஷத்துக்கு முன்னால் செத்த ராஜாவுக்கு அழுத ஆள் நீங்கள். எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் கிடந்தபோது அம்மா சாப்பிடவில்லையே என்றுதான் கவலைப்பட்டீர்கள்.

இப்படி எழுதக்கூடாது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

1992 ஆடி மாசம். மாரியம்மன் கோயில் மேடைக்குப் பின்னால் அந்த ஓட்டு வீட்டுத் திண்ணையில் எனக்கு வேஷம் போட்டது உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று நான் கேட்கமாட்டேன். இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முத்துவெள்ளையும் சிவப்பும் தேங்காய் எண்ணெயில் குழைத்து, கட்டைவிரலால் நீங்கள் என் முகத்தில் தேய்த்தீர்கள். அம்மா எதிரில் உட்கார்ந்து முகம் பார்க்கிற கண்ணாடியைப் பிடித்திருந்தாள். அவள் வாயில் நாலைந்து ஊக்கு. வெளியே ஆர்மோனியக்காரர் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார். நான் சும்மாதான் கேட்டேன், சத்தியமாகச் சும்மாதான்.

"நைனா, அந்தப் பையனுக்குத் தெரியுமா, தான் அவங்க புள்ள இல்லேன்னு?"

உங்கள் கட்டைவிரல் என் இடது கன்னத்தில் நின்றுவிட்டது. கண்ணாடி மெல்லச் சரிந்தது. அதில் என் முகம் போய் தலைக்குமேல் தொங்கிய பல்பு வந்தது, கண் கூசியது. அம்மா அதை நிமிர்த்தவே இல்லை.

"தெரியாது" என்றீர்கள். "தெரியாத மாதிரிதான் எழுதியிருக்கேன். கண்ண மூடு, பவுடர் விழும்."

மூடினேன். மூடிய கண்ணுக்குள் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆயா என்னைக் குளிப்பாட்டும்போது சொல்ல ஆரம்பித்து நிறுத்தியது, வருஷத்துக்கு ஒரு தடவை புதுச் சட்டையோடு வந்து என்னைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனவர்கள், எல்லாம். அவர்கள் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. அவர்களுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது, என்னால் அவர்களுக்குத் தலைகுனிவு வரவேண்டாம். படிக்கிறவர்கள் கணக்குப் போட வேண்டாம், போட்டாலும் என்னிடம் கேட்க வேண்டாம்.

கொஞ்ச நேரத்தில் மேடை. கோட்டை வரைந்த படுதாவுக்கு முன்னால் நீங்கள் கட்டிலில் சாய்ந்திருக்கிறீர்கள். பிரபுக்கள் எல்லாம் நிற்கிறார்கள். நான் படுதா ஓரமாகத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், இளவரசன். ராஜா தன் அண்ணன் மகன் ஸ்ரீரங்கனைக் கூப்பிட்டு மோதிரத்தை நீட்டுகிறார். அவன் அழுகிறான், வேண்டாம் என்கிறான், ராஜா கட்டாயப்படுத்தி அவன் கையில் வைக்கிறார். ஜனம் முழுக்க மூக்கை உறிஞ்சியது. அண்ணன் நன்றாகத்தான் நடித்தான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு வசனம் இல்லை. நாலு மணி நேர நாடகத்தில் அந்தப் பிள்ளைக்கு நீங்கள் ஒரு பெயர்கூட வைக்கவில்லை நைனா. நோட்டில் எல்லா இடத்திலும் "இளவரசர்" என்றுதான் இருக்கிறது. நேற்றுகூட எடுத்துப் பார்த்தேன். உங்கள் முத்து முத்தான கையெழுத்து. "இளவரசர் தட்டுடன் நிற்கிறார்."

ராஜாவின் காதலுக்கு மட்டும் பதினோரு பாட்டு. ராணி ஓபாயம்மா நடந்தால் பாட்டு, கோபித்தால் பாட்டு, கதவைச் சாத்தினால் கதவுக்கு வெளியே நின்று ஒரு பாட்டு. அவள் பொய் சொன்னாள், ராஜா அந்தப் பொய்யைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டினார், அது எவ்வளவு பெரிய மனசு என்று ஊரே பேசியது. நானும் அப்படித்தான் பல வருஷம் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. ராணி கேட்ட நகையை வாங்கித் தருகிற மாதிரி அவர் அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டார். கடைசியில் நகையைக் கழற்றி வைத்துவிட்டார். நடுவில் ஒரு நாளாவது அவனைக் கூப்பிட்டு, "விஷயம் இதுதாண்டா" என்று சொல்லியிருந்தால் என்ன? ராணிக்கு மனசு கஷ்டப்படுமே! அவள் முகம் வாடக்கூடாது, அதுதானே அவருடைய உலகம்.

உங்கள் நாடகத்தில் ராஜா செத்ததும் திரை விழுந்துவிடும். 1614 அக்டோபர், அதோடு சரி. அதற்குப் பிறகு நடந்ததைப் படித்தீர்களே, ஏன் எழுதவில்லை? ராணியின் பிறந்த வீட்டு ஜக்கராயர் இந்தப் பிள்ளைதான் வாரிசு என்று கிளம்பி, ஸ்ரீரங்கனையும் பெண்டாட்டி பிள்ளைகளையும் சிறைவைத்து உயிரை வாங்கினார். அதற்குள் ஸ்ரீரங்கன் பக்கம் நின்ற யாசம நாயக்கர் ஒரு வண்ணாரைப் பிடித்து, சின்னப் பையன் ராமனை மட்டும் அழுக்குத் துணியோடு துணியாக வெளியே கடத்தினார். அப்புறம் திருச்சிப் பக்கம் தோப்பூர் வரைக்கும் சண்டை, ஜக்கராயர் அதில் செத்தார், ராமன் ராமதேவ ராயரானான். வெளியே கொண்டுபோன பிள்ளைக்குப் பெயர் இருக்கிறது, பட்டம் இருக்கிறது. உள்ளே கொண்டுவந்த பிள்ளை அந்த நாட்களில் எந்த அறையில் உட்கார்ந்திருந்தான், அவனுக்கு யார் சோறு போட்டார்கள்? நான் அகழி ஓரம் நடக்கும்போதெல்லாம் அதைத்தான் நினைப்பேன்.

இனி அம்மாவைக் கொண்டுபோன பாலாற்றங்கரைக்கு வருகிறேன். வராமல் இருக்க முடியாது.

சட்டையைக் கழற்றிவிட்டுக் கல்மேல் உட்கார்ந்துவிட்டேன். கத்தியை வைத்துக்கொண்டு நின்றவர், "மொட்டை யாருக்குங்க?" என்று பொதுவாகக் கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "அவன் இருக்கட்டும்" என்றீர்கள். பிறகு அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தீர்கள். நான் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டேன். பொத்தான் ஒன்று மாறிப் போட்டுவிட்டேன், வீடு வந்து சேரும்வரை யாரும் சொல்லவில்லை. அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

அண்ணன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை அவன் படிப்பான், அவனுக்காகவும் சொல்கிறேன். கொடுத்ததை வாங்கினான், அவ்வளவுதான். காலையில் வாசலில் யாரோ ஏதோ கேட்டார்கள் என்றும், சுடுகாட்டில் வைத்து என்னை யாரும் அந்த வார்த்தை சொல்லிவிடக்கூடாது என்றுதான் நீங்கள் முந்திக்கொண்டீர்கள் என்றும் பிறகு ஒருவர் சொன்னார். இருக்கும். நீங்கள் அப்படிச் செய்கிற ஆள்தான். என்னைக் காப்பாற்றத்தான் செய்தீர்கள் என்றால், என்னிடம் வந்து அதைச் சொல்லியிருக்கலாமே நைனா. அந்த ஒரு நாளாவது.

நீங்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் யாரையும் பார்த்துக்கொண்டதில்லை. கடைசி நாலு வருஷம் அவளுக்குத் தலை சீவிவிட்டது நீங்கள்தான். சிக்கு எடுக்கும்போது வலிக்கக்கூடாது என்று முடியை வேர்ப்பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சீவுவீர்கள். அதை எங்கே கற்றுக்கொண்டீர்கள்? நான் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போயிருக்கிறேன். அந்த அறையில் இன்னொருவருக்கு இடம் இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை. ஒருவேளை இருந்ததோ என்னவோ. நானும் கதவைத் தட்டவில்லை.

சரி. விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அண்ணனும் வரட்டும், பெரியம்மாவும் வரட்டும். படையலுக்கு முன்னால் கற்பூரத்தட்டை நான்தான் பிடிப்பேன். நீங்கள் என்னைக் கூப்பிட வேண்டாம், யாருக்கும் பதில் சொல்லவும் வேண்டாம், நானே வந்து நிற்பேன். யாராவது ஏதாவது சொன்னால் சொல்லட்டும். நாற்பத்தாறு வயதுக்கு மேல் அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு ஒன்றும் ஆகிவிடாது.

பெட்டியைக் கொண்டுவருகிறேன். மோதிரத்தில் இருந்த நூலைப் பிரித்துவிட்டேன், அதற்கும் உங்களைக் கேட்கவில்லை. நோட்டில் மோதிரக் காட்சிக்கு முன்னால் ஒரு பக்கம் காலியாக விட்டிருக்கிறீர்கள். ஏன் விட்டீர்கள் என்று தெரியாது, அதில் நான் ஒரு காட்சி எழுதியிருக்கிறேன். ராஜாவும் இளவரசனும் மட்டும், பாட்டு இல்லை. இளவரசனுக்கு எட்டு வசனம். ராஜாவுக்கு இன்னும் எழுதவில்லை, அந்த இடத்தை உங்களுக்கு விட்டிருக்கிறேன்.

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்குக் காம்போடு போட்டால்தான் பிடிக்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஏலகிரி எக்ஸ்பிரஸ். பெட்டி கனமாக இருக்கிறது, காட்பாடியிலிருந்து ஆட்டோவில்தான் வரவேண்டும். கொஞ்சம் நேரமாகும். கதவைத் தாழ் போட்டுவிடாதீர்கள்.